தூத்துக்குடி டு சேலம், 55 நிமிடம்

பெரியப்பா மகனுக்குச் சேலத்தில் பெண் முடிவாகியிருந்தது. நிச்சயதார்த்தத்துக்கு வேனா, ரயிலா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்க, பெரியப்பா போனை நீட்டினார்.

"ஏல, இங்க பாரு. தூத்துக்குடி ஏர்போர்ட் டு சேலம் ஏர்போர்ட், 340 கிலோமீட்டர், 55 நிமிசம்னு போட்டிருக்கான்."

போட்டுத்தான் இருந்தது, வரைபடத்தில் ஒரு சிவப்புக் கோட்டோடு. நான் வாயைத் திறப்பதற்குள் சம்பந்திக்குப் போன் போய்விட்டது: "நாங்க பிளைட்ல வந்துருவோம்!"

தூரம் காட்டும் இந்த மாதிரி இணையப் பக்கங்களுக்கு அந்த ரூட்டில் விமானம் இருக்கிறதா என்ற கவலையே கிடையாது. இரண்டு ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்துக் காக்கா பறக்கிற தூரத்தைக் கணக்குப் போடும். அதை மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி நேரம் சேர்க்கும். 55 நிமிடம் ரெடி. சேலத்துக்கு வந்துபோவது ஏடிஆர் என்ற காற்றாடி வைத்த விமானம். அதன் வேகமே மணிக்கு 500 கிலோமீட்டர் சுமாருக்குத்தான்.

இதில் இன்னொரு கூத்து. தூத்துக்குடி ஏர்போர்ட் இருக்கிற வாகைக்குளமும் சேலம் ஏர்போர்ட் இருக்கிற கமலாபுரமும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில், 78 டிகிரியில் இருக்கின்றன. சிவப்புக் கோடு நேர் வடக்கே மதுரை, கரூர் பக்கமாகவே போகிறது. கீழே ரோடும் அதே மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல் வழிதான்; சுமார் 375 கிலோமீட்டர். பறந்தாலும் மிச்சம் 35 கிலோமீட்டர்தான்.

நேர் விமானம் இல்லை என்று டிராவல்ஸ்காரர் சென்னை போய் மாறச் சொன்னார். சென்னைக்கு வானவழியில் சுமார் 525, அங்கிருந்து சேலத்துக்கு 265. ஆக, 340 கிலோமீட்டர் போக 790 கிலோமீட்டர் பறக்க வேண்டும். நடுவில் சென்னையில் உட்கார்ந்து ஏர்போர்ட் விலைக்கு காபி குடிக்கிற செலவு தனி.

"சேலத்துக்குப் போறவன் மெட்ராசுக்கு எதுக்குல போவணும்?" என்றார் பெரியப்பா. நியாயமான கேள்விதான். டிராவல்ஸ்காரரிடம் பதில் இல்லை.

விடிகாலையில் வேன் கிளம்பியது. பெரியப்பா முன்சீட்டில், கையில் கடிகாரத்தோடு. எட்டயபுரம் தாண்டி அருப்புக்கோட்டைக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். டம்ளரை வாங்கிக்கொண்டே மணி பார்த்தவர், "இந்நேரம் சேலத்துல எறங்கியிருப்போம்" என்றார். பெரியம்மா, "மொதல்ல டீயக் குடிங்க, ஆறுது" என்றாள்.

ஆனால் வேனில் வருவதைச் சம்பந்தியிடம் மட்டும் அவர் சொல்லவே இல்லை. கௌரவப் பிரச்சினை.

மதியம் மண்டபத்தில் இறங்கினால் சம்பந்தியைக் காணோம். காரையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு, சால்வை சகிதம் காலையிலேயே கமலாபுரம் போயிருக்கிறார். வாசலில் நின்ற காவலரிடம், "தூத்துக்குடி பிளைட் எத்தனை மணிக்குங்க?" என்று கேட்டாராம்.

அவர் பொறுமையாகச் சொல்லியிருக்கிறார்: "வந்தா எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க சார், நாங்களும் பாக்கறோம்."