தட்டுக்கா, பாட்டுக்கா?

ஆச்சிக்கு நான் சொன்ன பதில் சரிதான் என்று இப்போதும் வாதாடத் தயார். ஆனாலும் மனசு ஆறவில்லை.

பங்கு பிரித்த வீட்டிலிருந்து வந்த பெட்டி அது. சிங்கப்பூரில் தொழில் பார்த்த காலத்தில் செட்டியார் வாங்கிச் சேர்த்த ராக் ஆல்பங்கள். நான் வேலை பார்க்கும் பழைய இசைத்தட்டுக் கடைக்கு எந்தத் தட்டு வந்தாலும் சீட்டு எழுதுவது நான்தான். மேலே தட்டின் நிலை: நியர் மின்ட் (கிட்டத்தட்டப் புதுசு), வி.ஜி. (வெரி குட்), ஜி (பெயர்தான் குட், நன்றாகத் தேய்ந்தது) என்று இறங்கும். கீழே ஐந்துக்கு எத்தனை ஸ்டார் என்பது. ஸ்டார் போடுவது முதலாளியின் யோசனை. கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளை ஓட்டலாக்கியவர்கள் எது நல்ல ஆல்பம் என்று கேட்டுத்தான் வாங்குகிறார்கள்.

பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973) ஊசி பட்ட தடமே இல்லாமல் இருந்தது. நியர் மின்ட், ஐந்து ஸ்டார். பேட்ஃபிங்கர் குழுவின் 'நோ டைஸ்' (1970) முழுக்கக் கீறல். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு லேபிளை ஒட்டி வரும். அந்த இடம் தேய்ந்து சாம்பல் பூத்திருந்தது. அதற்கு முந்தைய இடைவெளியில் குத்துக் குத்தாக ஊசித் தடம். ஜி, மூன்று ஸ்டார்.

பணம் வாங்க வந்த ஆச்சி சீட்டைப் பார்த்துவிட்டார்.

"ஏம்ப்பா, செட்டியார் தினம் போட்டுக் கேட்டது இதைத்தான். இதுக்கு ஏன் கம்மி? நீ மார்க்குப் போடுறது தட்டுக்கா, பாட்டுக்கா?"

"மேல இருக்கறது தட்டுக்கு, ஸ்டார் பாட்டுக்கு ஆச்சி. அது எல்லாரும் ஒத்துக்கிட்டதுதான்."

"எல்லாரும்னா யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி பணத்தோடு வந்துவிட்டார்.

யார்தான்? 'டார்க் சைட்' 1988 வரை அதிகம் விற்ற ஆல்பங்களின் அமெரிக்கப் பட்டியலில் மொத்தம் 741 வாரம் இருந்தது. அது ஒரு 'எல்லாரும்'. ராக் இசையில் சாதித்தவர்களைச் சேர்த்துக் கௌரவிக்கும் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் இன்னொன்று. முதல் இசைத்தட்டு வந்து 25 ஆண்டு ஆனவர்களைத்தான் அங்கே பரிசீலிப்பார்கள். டீப் பர்ப்பிள் குழுவுக்கு 1993இலேயே தகுதி வந்துவிட்டது, சேர்த்துக்கொண்டதோ 2016இல். ஆர்கன் வாசித்த ஜான் லார்ட் 2012இலேயே காலமாகிவிட்டார். அதே பெட்டியில் இருந்த அவர்களுடைய 'மெஷின் ஹெட்'டுக்கு நான் யாரையும் கேட்காமல் ஐந்து போட்டேன். ஆக, எனக்கும் அந்த 'எல்லாரும்' எப்போதும் தேவைப்படுவதில்லை.

பேட்ஃபிங்கர் விஷயம்தான் உறுத்துகிறது. செட்டியார் தேய்த்த அந்தக் கடைசிப் பாட்டு 'வித்தவுட் யூ'. அந்தக் குழுவின் பீட் ஹாம் வைத்திருந்த ஒரு பாட்டின் சரணத்தையும் அதே குழுவின் டாம் எவன்ஸ் வைத்திருந்த இன்னொன்றின் பல்லவியையும் சேர்த்துக் கட்டியது. 1972இல் அமெரிக்கப் பாடகர் ஹாரி நில்சன் பாடி அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் முதலிடம். 1994இல் மரையா கேரி பாடி மறுபடி இங்கிலாந்தில் முதலிடம். ஹாமும் எவன்ஸும் பணத் தகராறுகளில் நொந்து 1975இலும் 1983இலும் தற்கொலை செய்துகொண்டார்கள். பாட்டை உலகமே ஒத்துக்கொண்டது, கட்டியவர்கள் பெயர்தான் யாருக்கும் தெரியவில்லை.

அப்படியானால் ஐந்து போட வேண்டியதுதானே என்றால், மாட்டேன். நில்சன் பாடியதுதான் மேல் என்பது என் காது சொல்வது. பேட்ஃபிங்கர் பாட்டைத் தந்தார்கள், அதன் முழு உயரத்துக்குக் கொண்டுபோனவர் நில்சன். மற்ற பாட்டுகளிலும் 'நோ மேட்டர் வாட்' தவிர எனக்கு ஒட்டியவை குறைவு. அனுதாபத்துக்கு ஸ்டார் போட்டால் அது மதிப்பீடு ஆகாது.

ஆனால் ஒருவர் ஒரே பாட்டைத் தட்டு தேயும் அளவுக்கு வருஷக்கணக்கில் கேட்டதும் மதிப்பீடுதானே? நானோ அந்தத் தேய்மானத்தைப் பார்த்துத்தான் விலையைக் குறைத்தேன். வாங்குகிறவருக்குக் கீறலைச் சொல்லாமல் விற்க முடியாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு தரமும் கேட்காத தட்டு ஐந்து ஸ்டாரோடு உட்கார்ந்திருப்பதைத்தான் பார்க்கப் பிடிக்கவில்லை.

"நாலாக்கிட்டுப் போயேன், என்ன குறைஞ்சிடும்?" என்கிறார் முதலாளி. குறையும். அப்புறம் மற்றச் சீட்டுகளை யார் நம்புவார்கள்? மூன்று மூன்றாகவே இருக்கிறது. சீட்டின் அடியில் ஹாம், எவன்ஸ் பெயர்களை மட்டும் எழுதிச் சேர்த்தேன். விற்கிற சீட்டில் அது எதற்கு என்று முதலாளி கேட்டார். அழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.