டிராம்போனை வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போன ஹோல்ஸ்ட்

ஆங்கில இசையமைப்பாளர் கஸ்டவ் ஹோல்ஸ்ட் 1903இல் டிராம்போன் என்ற பித்தளை ஊதுகருவியைக் கீழே வைத்தபோது வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. பியானோ கலைஞராக வரவேண்டியவர். வலது கையில் வந்த நரம்பு வலி அதற்கு வழிவிடவில்லை. டிராம்போனில் விரல்களுக்கு அவ்வளவு வேலை இல்லை. ஆஸ்துமாவுக்கும் ஊதுவது நல்லது என்று நினைத்தார்கள். கார்ல் ரோசா ஆப்பரா குழுவிலும் ஸ்காட்டிஷ் ஆர்க்கெஸ்ட்ராவிலும் வாசித்துச் சம்பாதித்தார். பெரிய இசைக்குழுவில் டிராம்போன்காரர் பக்கம் பக்கமாகச் சும்மா இருப்பார். தாளத்தை எண்ணியபடி மற்றவர்களைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் வேலை. இசையமைக்க நினைப்பவனுக்கு இதைவிடத் தோதான நாற்காலி கிடையாது.

இசை எழுத நேரம் வேண்டும் என்றுதான் வாசிப்பை விட்டார். எழுதியது சோறு போடவில்லை. 1904இல் தெற்கு லண்டனில் ஒரு பெண்கள் பள்ளியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஹாமர்ஸ்மித் பகுதியின் புரூக் கிரீனில் உள்ள செயின்ட் பால்ஸ் பெண்கள் பள்ளிக்கு இசைத் தலைமையாசிரியராக வந்தார்; 1934இல் இறக்கும்வரை அந்த வேலையை விடவில்லை. 1907 முதல் மார்லி கல்லூரியில் உழைக்கும் மக்களுக்கான மாலை வகுப்புகளும் சேர்ந்துகொண்டன. 'பிழைப்புக்காக ஆசிரியரானார்' என்று ஒரு வரியில் இதைக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. அவர் எழுத்தின் சிக்கனமும் தெளிவும் பெரும்பாலும் வகுப்பறையில் உருவானவை.

சான்றுக்கு 'செயின்ட் பால்ஸ் சூட்' போதும். பள்ளியின் தந்தி வாத்தியக் குழுவுக்காக எழுதியது. சூட் என்றால் பல சிறு பகுதிகளின் தொகுப்பு; இதில் நான்கு பகுதிகள். பள்ளிக் குழுவை நடத்தியவர்களுக்குத் தெரியும்: நல்ல மெட்டெல்லாம் முதல் வயலினுக்குப் போய்விடும், இரண்டாம் வயலினும் வயோலாவும் இட்டு நிரப்பிக்கொண்டே சலித்துப்போவார்கள். ஹோல்ஸ்ட் அதை மாற்றினார். இரண்டாம் பகுதி 'ஒஸ்டினாட்டோ'. சில சுரங்களே கொண்ட ஒரு சுழல் திரும்பத் திரும்ப வரும்; அதைத் தொடங்குவது இரண்டாம் வயலின்கள். அவர்கள் ஓடினால் மொத்தக் குழுவும் ஓடும். வில்லை நீளமாக இழுப்பவர்கள் பின்தங்குவார்கள். வில்லின் நடுப்பகுதியில், கொஞ்ச நீளத்தில், மெதுவான ஒலியில் பழக்கினால் நிற்கும்.

முதல் பகுதியான 'ஜிக்' என்ற துள்ளல் நடனத்தில் 6/8, 9/8 தாளங்கள் (ஓர் அளவைக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, மும்மூன்றாகக் கோத்த ஆறு அல்லது ஒன்பது சிறு சுரங்கள்) மாறி மாறி வரும். பிள்ளைகள் 6/8க்குப் பழகிவிட்டு, 9/8 வரும் இடத்தில் மூன்றாவது அடியை விழுங்கிவிடுவார்கள். எட்டிலொரு பங்கு சுரத்தின் வேகம் எங்கும் மாறாது. அதை வாய்விட்டு எண்ணியபிறகே வில்லைத் தொடவேண்டும்.

உண்மையான சோதனை கடைசிப் பகுதி. 'டார்கசன்' என்ற பழைய ஆங்கில நடன மெட்டு, எட்டே அளவைகள், 6/8. முடிவு போல ஒலிக்கும் இடமே அதில் இல்லை, சுற்றிக்கொண்டே இருக்கும். அதன்மேல் செல்லோக்கள் 'கிரீன்ஸ்லீவ்ஸ்' என்ற பழைய ஆங்கிலப் பாட்டின் மெட்டை 3/4இல் கொண்டுவருகின்றன. ஆறு அட்சரம் ஒன்றுதான்: மேலே மூன்று மூன்றாக, கீழே இரண்டு இரண்டாக. வயலின்களின் வேகம் செல்லோக்காரர்களைத் தன் பக்கம் இழுத்துவிடும், 'கிரீன்ஸ்லீவ்ஸ்' நொண்டும். வாத்தியம் இல்லாமல் வகுப்பில் பாதிப் பேரை 3+3, மீதிப் பேரை 2+2+2 என்று கைதட்ட வைத்து, பிறகு மாற்றவேண்டும். நடத்துபவர் அளவைக்கு ஒரு தட்டுதான் காட்டவேண்டும். இரண்டு காட்டினால் செல்லோ கெடும், மூன்று காட்டினால் வயலின் கெடும். இன்னொன்று, தாழ்ந்த ஒலியில் தொடங்கும் 'டார்கசன்' சீக்கிரமே பலத்துவிட்டால் உச்சத்துக்குச் சேமிப்பு இராது. இதே இணைப்பை 1911இல் எழுதிய ராணுவ பேண்டு சூட்டிலும் முன்பே பயன்படுத்தியிருந்தார்.

பாட்டில் அவருக்குச் சமரசம் இல்லை. பள்ளிகளுக்கென்றே அச்சான அசட்டுப் பாடல்களை ஒதுக்கிவிட்டுச் சிறுமிகளுக்கு பர்செல், பாக், பாலஸ்ட்ரீனா போன்ற பழைய பெரும் இசையமைப்பாளர்களைக் கொடுத்தார். மார்லியில் எடுத்துக்கொண்டது பர்செலின் 'ஃபேரி குவீன்'; நீண்ட காலம் காணாமல்போய்க் கிடைத்த படைப்பு. ஒவ்வொருவரும் பார்த்து வாசிக்கவும் பாடவும் தனிப்படிகள் கிடையாது. மாணவர்களே சுமார் 1500 பக்கங்களைக் கையால் படியெடுத்து 1911இல் மேடையேற்றினார்கள்.

1913இல் பள்ளி ஓர் இசைக் கட்டடம் கட்டி, அவருக்கு ஒலி புகாத அறை ஒன்றைத் தந்தது. வார இறுதியும் ஆகஸ்ட் விடுமுறையும்தான் எழுதும் நேரம். கோள்களின் பெயரில் பகுதிகள் கொண்ட அவருடைய பெரிய இசைக்குழுப் படைப்பு 'த பிளானட்ஸ்' 1914 முதல் 1916 வரை அப்படித்தான் உருவானது. கை வலி முற்றியதால் பெரும்பகுதியை இரண்டு பியானோவுக்கு எழுதி, எந்த வரி எந்த வாத்தியத்துக்கு என்று குறித்துக் கொடுப்பார். பள்ளியில் உடன் கற்பித்த நோரா டேயும் வாலி லாஸ்கரும் அதை முழு இசைக்குழுவுக்கான பிரதியாக எழுதுவார்கள். கடைசிப் பகுதியான 'நெப்டியூன்' மட்டும் முதலில் ஆர்கனுக்கு.

அந்த 'நெப்டியூன்' முடிவுக்குப் பாடும் பெண்கள் குழுவைப் பக்கத்து அறையில் நிறுத்தச் சொல்கிறார். கடைசி அளவைவரை கதவு திறந்திருக்கவேண்டும். பிறகு மெல்ல, சத்தமில்லாமல் மூடவேண்டும். அந்த ஓர் அளவையை ஒலி மறையும்வரை திரும்பப் பாடவேண்டும். இங்கே மூன்று ஆபத்துகள். தூரத்தில் நின்று தாழ்ந்த ஒலியில் பாடும் குரல் சுருதி இறங்கும். மேடையின் ஒலி தாமதமாகக் காதில் விழுவதால் காதை மட்டும் நம்பிப் பாடினால் பின்தங்கும். ஆகவே உள்ளே ஒரு துணை நடத்துநர் வேண்டும். மூன்றாவது, கிறீச்சிடும் கதவு! எண்ணெய் போட மறந்த அரங்கத்தில் அத்தனை உழைப்பும் வீண். 1918 செப்டம்பர் 29 அன்று குயின்ஸ் ஹாலில் ஏட்ரியன் போல்ட் நடத்திய முதல் நிகழ்ச்சிக்கு ஒத்திகை இரண்டு மணி நேரம்கூட இல்லை. பாடியவர்கள் அவருடைய பள்ளி, மார்லி மாணவிகள்.

புகழ் வந்த பிறகு மற்ற வகுப்புகளை விட்டார். செயின்ட் பால்ஸை விடவில்லை. 1933இல் அங்கிருந்த இளையோர் குழுவுக்கென்று 'புரூக் கிரீன் சூட்' எழுதினார். மூன்று சின்னப் பகுதிகள், தந்தி வாத்தியங்கள். புதிதாகக் குழு தொடங்குபவர்கள் முதலில் இதை எடுக்கலாம். 'டார்கசன்' ஒரு வருடம் கழித்து வரட்டும்.