தம்பி ஏன் கோயிலுக்கு வருவதை நிறுத்தினான்: ஒரு கிளினிக் அனுபவம்

தம்பி பத்தாம் தரம் படிக்கிறான். உன்னைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். பெயரும் பள்ளிக்கூடமும் போடாதே, மற்றதெல்லாம் எழுது என்றான். யாழ்ப்பாணத்தில் உடம்பு கூடிய பிள்ளைகள் இப்போது எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். ஆனால் எங்கே தொடங்குவது, போனால் என்ன கேட்பார்கள், பிள்ளையின் மனதை யார் பார்ப்பார்கள் என்று நாங்கள் தேடிய நேரம் சொல்ல ஆள் இருக்கவில்லை.

எங்களுக்குத் தொடக்கம் பாடசாலை மருத்துவப் பரிசோதனை. 1, 4, 7, 10 ஆம் தரப் பிள்ளைகளை உயரம், நிறை, கண், பல் என்று பார்ப்பார்கள். அன்று நிறை பார்க்க நின்ற ஒருவர் தம்பியின் நிறையை வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாக வாசித்துவிட்டார். அன்று பின்னேரம் அவன் ரியூசனுக்குப் போகவில்லை. பிறகு ஒவ்வொரு நாளும் தலையிடி, வயிற்றுக்குத்து, ஏதாவது ஒன்று. ஒரு பிள்ளையின் நிறையைச் சத்தமாக வாசிக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை, இதை எனக்கு இன்றைக்கும் பொறுக்க ஏலாது. ஆனாலும் கிளினிக்குக்குக் கடிதம் தந்தது அந்தப் பரிசோதனைதான், அது நல்லது.

இரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள்: சீனி, கொழுப்பு, ஈரல், தைரொயிட். டொக்டர் உயரத்தையும் நிறையையும் வைத்து பி.எம்.ஐ. கணித்து ஒரு வளைகோட்டுப் படத்தில் புள்ளி போட்டார். வளர்ந்தவர்களுக்குப் போல எல்லாருக்கும் ஒரே இலக்கம் பிள்ளைகளுக்குச் சரிவராதாம். 5 முதல் 19 வயது வரைக்கும் உலக சுகாதார நிறுவனம் 2007 இல் தந்த வளைகோடுகள் இருக்கின்றன, அந்த வயதுக்குரிய நடுக்கோட்டில் இருந்து இரண்டு நியம விலகலுக்கு (நடுவில் இருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று காட்டும் அளவு) மேலே போனால்தான் உடற்பருமன். தம்பியின் புள்ளி அதற்கு மேலேதான் விழுந்தது.

அப்புறம் கழுத்தைப் பார்த்தார். பின்கழுத்தும் கமக்கட்டும் கறுத்து, தோல் தடித்து இருக்கும். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர் எல்லாரும் "கழுத்தில் ஊத்தை, தேய்த்துக் குளிக்கமாட்டியா" என்பார்கள். அம்மா தேசிக்காயும் பயற்றம் மாவும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து ஒருமுறை தோல் உரிந்து இரத்தமே வந்தது. டொக்டர் அவனைப் பார்த்து, "தம்பி, இது ஊத்தை இல்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாவிட்டால் தோல் இப்படிக் கறுக்கும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது, நிறை குறைந்தால் தானாகவே மங்கும்" என்றார். அவன் தலையை நிமிர்த்தியது அப்போதுதான்.

பிறகு ஒரு கேள்வித்தாள் தந்தார்கள். 23 கேள்விகள், உடம்பு, மனம், நண்பர்கள், பள்ளிக்கூடம் என்று நான்கு பகுதி. கடந்த மாதம் ஓடக் கஷ்டமாக இருந்ததா, கவலையாக இருந்ததா, மற்றப் பிள்ளைகள் பகிடி பண்ணினார்களா, பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் விட்டாயா. உடற்பருமன் உள்ள பிள்ளைகளின் வாழ்க்கைத்தரத்தை அளக்க அமெரிக்காவில் இதே கேள்வித்தாளைத்தான் பாவித்தார்களாம், 2003 இல் வந்த ஆய்வு. உடற்பருமன் கடுமையாக இருந்த பிள்ளைகள் சொன்ன வாழ்க்கைத்தரம் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் பிள்ளைகளுடையதைப் போலத்தான் இருந்ததாம். இதைக் கேட்டதும் அம்மா அழுதுவிட்டா. கொழுகொழு என்று இருக்கிறான், என்ன குறை என்றுதானே ஊரே சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு கதைக்கும்போதுதான் கோயில் விஷயம் வெளியே வந்தது. நல்லூர்த் திருவிழா 25 நாளும் அம்மாவோடு போகிற பிள்ளை, இரண்டு வருஷமாக வீதியோடு நின்றுவிடுவான். உள்ளே வரமாட்டான். சாமி நம்பிக்கை போய்விட்டது, கூடாத கூட்டாளிமார் என்று அப்பா ஏசுவார். நல்லூருக்குள் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். அவனுக்கு நெஞ்சு கொஞ்சம் பொம்பிளைப் பிள்ளைகளுக்குப் போல இருக்கிறது, வகுப்பில் அதைச் சொல்லித்தான் பகிடி. வெயிலிலும் சேட்டுக்குள்ளே இரண்டு பெனியன் போட்டதும், கிணற்றடியில் சட்டையோடு குளித்ததும் அதற்காகத்தான். டொக்டர் எங்களை வெளியே இருக்கச் சொல்லித் திரைக்குப் பின்னால் அவனைத் தனியாகப் பார்த்தார். கொழுப்பும் இருக்கிறது, ஆனால் இந்த வயதில் நிறையப் பெடியன்களுக்கு ஹோர்மோன் மாற்றத்தாலும் இப்படி வரும், பெரும்பாலும் ஒன்றிரண்டு வருஷத்தில் வற்றிவிடும் என்று விளங்கப்படுத்தினாராம்.

சாப்பாட்டுக் கதை வழமையானதுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். ரியூசன் இடைவேளையில் ரோல்ஸும் சோடாவும் வேண்டாம், சோறு குறைத்து மரக்கறி கூட்டுங்கள், இரவு வேளைக்குப் படுக்கட்டும். ஒன்று மட்டும் அழுத்திச் சொன்னார்கள்: அவனுக்கென்று வேறு சாப்பாடு வைக்கக்கூடாது, வீட்டில் எல்லாருக்கும் அதே சாப்பாடு. இப்போது அப்பாவும் குரக்கன் புட்டுத்தான் சாப்பிடுகிறார். பின்னேரத்தில் நானும் அவனும் சைக்கிளில் பண்ணைக் கடற்கரைப் பக்கம் போய் வருவோம்.

உண்மையில் வேலை செய்தது உளவளத்துணை, அதாவது கவுன்சலிங். "குண்டன் என்று சொன்னதும் உனக்குள் என்ன ஓடியது, அதற்குப் பிறகு என்ன செய்தாய்" என்று கொப்பியில் மூன்று கோடு போட்டு எழுதச் சொன்னார்கள். அவன் எனக்குக் காட்டிய ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: "மாமி வீடியோ கோலில், இன்னும் ஊதிட்டாய் என்றா. எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். இரவு எழும்பி ஒரு பைக்கற் பிஸ்கற் முழுக்கச் சாப்பிட்டேன்." சொல், நினைப்பு, சாப்பாடு. அமெரிக்காவில் மினசோட்டாவில் பதின்ம வயதினரை ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தபோதும் இதைத்தான் கண்டார்களாம். நிறையைச் சொல்லிப் பகிடி பண்ணப்பட்ட பெடியன்கள் பிற்பாடு கட்டுப்பாடு இல்லாமல் சாப்பிடத் தொடங்குவது கூடவாம். மெலியட்டும் என்று சொல்கிற சொல்லே பிள்ளையைச் சாப்பிட வைக்கிறது. கனடா மாமிக்கு நானே எடுத்துச் சொன்னேன், உடம்பைப் பற்றி ஒன்றும் கதைக்காதீர்கள், படிப்பைக் கேளுங்கள், கிரிக்கெட்டைக் கேளுங்கள் என்று. முதலில் கோபித்தா, இப்போது சரி.

சட்டை கழற்றுவதையும் படிப்படியாகத்தான் செய்யவைத்தார்கள். முதலில் அறைக்குள் கண்ணாடிக்கு முன்னால், பிறகு சாரத்தோடு கிணற்றடியில், பிறகு ஒன்றுவிட்ட அண்ணா நிற்கும்போது. போன மாதம் எங்கள் ஒழுங்கைப் பிள்ளையார் கோயிலுக்குள் காலைப் பூசைக்குப் போனான், ஆட்கள் குறைவான நேரம். நல்லூருக்கு இன்னும் இல்லை. யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை.

நிறை பெரிதாகக் குறையவில்லை. உயரம் கூடியிருக்கிறது, நிறை அப்படியே நிற்கிறது, வளர்கிற வயதில் அதுவே முன்னேற்றம் என்று டொக்டர் சொல்கிறார். பள்ளிக்கூடத்தில் இப்போது தலையிடி வருவதில்லை.

போகப்போகிறவர்களுக்கு: பாடசாலைக் கடிதம் இல்லாவிட்டாலும் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்திலோ வழமையாகக் காட்டும் டொக்டரிடமோ கதைத்துத் தொடங்கலாம். தனியாக நிறை பாருங்கள் என்று முதலே கேளுங்கள், நாங்கள் கேட்டபோது யாரும் மறுக்கவில்லை. பிள்ளை குறட்டை விட்டால், வகுப்பில் தூங்கினால், இரவில் ஒளித்துச் சாப்பிட்டால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அதெல்லாம் சோம்பலோ களவோ இல்லை. சாக வேண்டும் போல இருக்கிறது என்ற மாதிரி ஏதாவது சொன்னால் கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், 1926 தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம்.