மகனுக்குப் பல் காட்டப் போய், நானும் வாயைத் திறந்த கதை

மகனுக்கு இரண்டே கால் வயதிருக்கும்போது மேல்வரிசை முன்பற்களில், ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு போல ஒரு வெள்ளை தெரிந்தது. பால் படிந்திருக்கும் என்று துணியால் துடைத்துவிட்டேன். சொத்தையின் ஆரம்பமே அந்த வெள்ளைதான் என்று அப்போது தெரியாது. நாலு மாதத்தில் பழுப்பானது. “பால்பல்தானே மக்களே, விழுந்து முளைக்கும்” என்றார் மாமி.

தக்கலையில் ஒரு பல் கிளினிக்குக்குக் கொண்டு போனோம். டாக்டரம்மா அவன் உதட்டைத் தூக்கிப் பார்த்தது அரை நிமிடம். மீதி நேரமெல்லாம் விசாரணை என்னிடம்தான். ராத்திரி என்ன குடிக்கிறான்? பாட்டிலில் கருப்பட்டி போட்ட பால் என்று பெருமையாகச் சொன்னேன், சீனி இல்லையே! கிருமிக்குக் கருப்பட்டியும் சீனியும் ஒன்றுதான் என்றார். தூங்கும்போது எச்சில் ஊறுவது குறைந்துவிடும், பல்லில் ஒட்டிய இனிப்பைக் கழுவ ஆளிருக்காது, கிருமி அதைத் தின்று விடிய விடிய அமிலம் சுரக்கும்.

அப்புறம், “நீங்க வாயைத் திறங்க” என்றார். எனக்குக் கடைவாயில் இரண்டு சொத்தை. ஒரு வருஷமாகக் கிராம்பு வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். சொத்தையை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்று ஒரு கிருமி. பிறக்கும்போது பிள்ளை வாயில் அது இருக்காதாம். பெரும்பாலும் வளர்ப்பவர்களின் எச்சில் வழியாகத்தான் போய்ச் சேருமாம். சூடு பார்க்க நான் வாயில் வைத்த அதே கரண்டி, மாமி மென்று ஊட்டிய மட்டிப்பழம் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. அழுகையே வந்துவிட்டது. “முத்தம் கொடுக்காம இருக்க முடியுமா? உங்க வாயைச் சுத்தமா வச்சுக்கோங்க, அது போதும்” என்றார்.

அவன் பல்லில் வெள்ளி கலந்த ஃபுளூரைடு மருந்தைத் தொட்டு வைத்தார். சொத்தை நின்றது, ஆனால் அந்த இடம் கறுத்துவிட்டது. கல்யாண வீடுகளில் கேட்காத ஆளில்லை. எனக்கு ஒன்றை அடைத்து, இன்னொன்றுக்கு ரூட் கேனல். மூன்று தடவை அலைந்தேன்.

பாட்டிலை நிறுத்தியதுதான் பெரிய பாடு. முதலில் கருப்பட்டியைக் குறைத்தேன், பிறகு பாலில் தண்ணீரைக் கூட்டினேன், கடைசியில் வெறும் தண்ணீர். நாலு ராத்திரி தெருவே விழித்திருந்தது. பல் தேய்க்க அவனை மடியில் மல்லாத்திப் போட்டுக்கொள்வேன். ஃபுளூரைடு பேஸ்ட், ஓர் அரிசி அளவு. மூன்று வயது ஆனதும் பட்டாணி அளவு. ராத்திரி தேய்த்த பிறகு தண்ணீர் மட்டும்.

கடைவாய்ப் பால்பற்கள் விழப் பத்து, பன்னிரண்டு வயதாகுமாம். அதுவரை அதை வைத்துத்தானே மெல்ல வேண்டும்? இதைச் சொன்ன பிறகுதான் மாமி பழம் மென்று கொடுப்பதை விட்டார். கஞ்சிக் கரண்டியை நாக்கில் வைத்துப் பார்ப்பது மட்டும் என் கை தானாகச் செய்துவிடுகிறது. அடுத்த முறை வரும்போது மாமியையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா.