ஜிப்சிக்கு ஆயில் வால்வு மாட்டிய கதை

2025 மார்ச் 2, ஞாயிறு
ஏற்காடு காப்பி எஸ்டேட்டில் ஓடும் மாருதி ஜிப்சி ஜீப்புக்கு எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டும். பழைய ஆயிலை இறக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட்டின் தலை பாதி உருண்டு போய்விட்டது, ஸ்பேனர் வழுக்குகிறது, இன்னும் நாலு தடவை கழற்றி மாட்டினால் சம்ப்பின் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டி) மரையும் போய்விடும், அப்புறம் செலவு வேறு. அதனால் போல்ட்டைத் தூக்கிவிட்டு, அதே இடத்தில் குழாய் போலத் திறந்து மூடும் ட்ரெயின் வால்வு போடப் போகிறேன். மாருதிக்கு எம்14, அதாவது 14 மி.மீ. விட்டம், மரை இடைவெளி 1.5 மி.மீ. டொயோட்டாவில் பெரும்பாலும் எம்12, 1.25. இதை மாற்றி வாங்கினால் பொருந்தவே பொருந்தாது.

மார்ச் 5, புதன்
சேலம் செவ்வாய்பேட்டை மெக்கானிக் அண்ணனிடம் வால்வைக் காட்டினேன். "கல்லு ஒண்ணு தட்டுச்சுன்னா முடிஞ்சதுங்க, இருபது கொண்டை ஊசியிலயும் ஆயில்ல கோலம் போட்டுக்கிட்டுத்தான் ஏற்காடு போவீங்க" என்றார். வால்வு சம்ப்புக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும், பயம் நியாயமானதுதான். தரையை ஒட்டி ஓடும் சின்னக் காருக்கு நானே இதைப் போடமாட்டேன். ஜிப்சிக்கு முன் அச்சுதான் தாழ்வாக இருக்கிறது, எந்தக் கல்லும் முதலில் அதைத்தான் முட்டும்.

மார்ச் 9, ஞாயிறு
மாட்டியாச்சு. வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, கை தாங்கும் சூட்டில் பழைய ஆயிலை இறக்கினேன். சம்ப்பில் ஒட்டியிருந்த பழைய வாஷரைச் சுரண்டி எடுத்து, இடத்தைத் துணியால் துடைத்து, புது வாஷரோடு வால்வைக் கையாலேயே கடைசி வரை திருகினேன், ஸ்பேனருக்கு மிச்சம் வைத்தது கொஞ்சம்தான். பித்தளை என்பதால் முழு பலத்தையும் காட்டக் கூடாது. வால்வுக்குள் நடுவில் துளையுள்ள ஒரு குண்டு இருக்கிறது, வெளியே அதைத் திருப்ப ஒரு சின்ன நெம்புகோல். நெம்புகோலைத் தூக்கி கால் சுற்று திருப்பினால் துளை நேராகி ஆயில் இறங்கும், பழையபடி திருப்பி மூடினால் ஸ்பிரிங் நெம்புகோலைப் பள்ளத்தில் உட்கார வைத்துவிடும். தூக்காமல் திரும்பாது, அதனால் தானாகத் திறக்குமோ என்ற கவலை இல்லை. இருந்தாலும் நெம்புகோல் அசையாமல் பிடிக்கும் கிளிப்பையும் போட்டேன், காப்பிச் செடிக் குச்சி எதில் எப்படி மாட்டும் என்று யாருக்குத் தெரியும்?

மார்ச் 16, ஞாயிறு
காப்பியைப் பூக்க வைக்கும் பூ மழை பெய்து எஸ்டேட் பாதை சேறு. அடியில் படுத்துப் பார்த்தேன், நெம்புகோல் பள்ளத்தில் சேறு அப்பியிருக்கிறது, ஆயில் கசிவு இல்லை. பழைய பிரஷ்ஷால் தேய்த்துவிட்டேன்.

இந்த வால்வில் குறையும் உண்டு. வால்வின் கழுத்து சம்ப்புக்குள் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் அடி ஆயில் அந்த அளவுக்குத் தங்கிவிடும். போல்ட்டைக் கழற்றியதும் கொட்டுகிற வேகம் இதில் இருக்காது. ஃபில்டரைக் கழற்றும்போது கை கறுப்பாவதும் அப்படியேதான். ஆனால் வால்வு மூக்கில் ரப்பர் டியூபைச் சொருகி நேராகக் கேனுக்குள் விடலாம், மண்ணில் ஒரு சொட்டு விழாது, எனக்கு அது போதும். கழிவு ஆயிலை வேலிக் கம்புக்குப் பூசக் கேட்பவர்கள் இங்கே நிறையப் பேர். கொடுப்பதில்லை, மழை அதைக் கழுவி ஓடையில்தான் சேர்க்கும். மத்திய அரசின் 2016 கழிவு மேலாண்மை விதிகளில் அது அபாயக் கழிவு. கேனைச் சேலத்துக்கு இறக்கி, மறுசுத்திகரிப்புக்கு எடுப்பவரிடம் கொடுக்க வேண்டும்.

கியர் பாக்ஸுக்கும் ஒன்று போடலாமா என்று தம்பி கேட்கிறான். அதைத் திறப்பதே எப்போதாவதுதான், வேண்டாம் என்றேன்.