ஜெயிக்கப் போகிற பாட்டுக்கு எதற்கு ரசிகர் படை?

பிரிட்டனில் கிறிஸ்மஸ் வாரத்துப் பாட்டுப் பட்டியலில் யார் முதலிடம் என்பது பெரிய விஷயம். பந்தயம் கட்டுவார்கள், பேப்பரில் பெரிதாகச் செய்தி வரும், வருஷம் முழுக்கப் பாட்டுப் பக்கமே போகாதவர்கள்கூட அந்த ஒரு வாரம் பட்டியலை எட்டிப் பார்ப்பார்கள். 2009 டிசம்பரில் அந்த இடத்தைப் பிடித்தது 1992-இல் வந்த ஒரு அமெரிக்க ராக் பாட்டு. ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின் குழுவின் 'கில்லிங் இன் தி நேம்'. கிறிஸ்மஸுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. போலீஸ் அராஜகத்தையும் நிறவெறியையும் எதிர்த்துத் தொண்டை கிழியக் கத்துகிற பாட்டு, கெட்ட வார்த்தை வேறு ஏகத்துக்கும் வரும். அதை அந்த உச்சியில் கொண்டுபோய் உட்கார வைத்தது எசெக்ஸ் பக்கத்து ஜான் மோர்ட்டர், டிரேசி மோர்ட்டர் என்ற ஒரு கணவன் மனைவி ஃபேஸ்புக்கில் தொடங்கிய பிரச்சாரம்.

இந்தக் கதையை இங்கே யாரிடம் சொன்னாலும் 'ரசிகர்கள் ஒன்று சேர்ந்தால் என்ன வேண்டுமானாலும் நடக்கும்' என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. ரசிகர்கள் ஒன்று சேர்வது நமக்கென்ன புதுசா? தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி என்று எந்த ஊரை எடுத்தாலும் தெருவுக்கு ஒரு மன்றம் இருக்கிறது. அந்தப் பலத்தை யாருக்குக் கொடுத்தார்கள் என்பதில்தான் அந்த 2009 விஷயம் நம்முடையதிலிருந்து தலைகீழாக இருக்கிறது.

முன்கதை கொஞ்சம் வேண்டும். எக்ஸ் ஃபேக்டர் என்ற பாட்டுப் போட்டி அங்கே அப்போதெல்லாம் டிவியில் சனி, ஞாயிறுகளில் ஓடும், மக்கள் ஓட்டுப் போடுவார்கள், இறுதிப் போட்டியைச் சரியாக டிசம்பர் நடுவில் வைப்பார்கள், ஜெயித்தவர் பாடிய பாட்டு உடனே விற்பனைக்கு வந்துவிடும். 2005-இல் ஷேன் வார்டு, 2006-இல் லியோனா லூயிஸ், 2007-இல் லியான் ஜாக்சன், 2008-இல் அலெக்ஸாண்ட்ரா பர்க். நாலு வருஷமும் கிறிஸ்மஸ் முதலிடம் அந்தப் போட்டியில் ஜெயித்தவருக்கே. கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் வண்டி உள்ளே திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்பார்களே, அதேதான். பாட்டு என்னவென்று ஊருக்குத் தெரியும் முன்பே இடம் ரிசர்வ் ஆகிவிட்டது. எந்தக் குழு எந்த மூலையில் உட்கார்ந்து எவ்வளவு நல்ல பாட்டுப் போட்டாலும் அந்த வாரம் அவர்களுக்கு நின்றுகொண்டுதான் பயணம். அங்கே ஜனத்துக்குக் கோபம் வந்தது இதனால்தான், அந்தக் கோபம் நியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

2008-லேயே ஒரு முயற்சி நடந்தது. பர்க் பாடியது லியனார்ட் கோஹன் எழுதிய 'ஹாலெலூயா'. அதே பாட்டை ஜெஃப் பக்லி முன்பே பாடியிருக்கிறார், அதுதான் உசத்தி என்று சொல்லி ரசிகர்கள் பக்லியின் பதிவை வாங்கித் தள்ளினார்கள். பர்க் முதலிடம், பக்லி இரண்டாமிடம், கோஹனே பாடிய மூலப் பதிவு 36-ஆம் இடம். ஒரே பாட்டு ஒரே வாரத்தில் மூன்று குரலில் பட்டியலில் இருந்தது. தோல்விதான், ஆனாலும் எனக்கு இந்தத் தோல்வி ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் அதில் வாங்கினவன் ஒவ்வொருவனும் இரண்டு குரலையும் காதால் கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்திருப்பான்.

அடுத்த வருஷம் மோர்ட்டர் தம்பதி வேறு வழியைப் பிடித்தார்கள். 2007 ஜனவரியிலிருந்து பிரிட்டன் பட்டியலின் விதி தளர்ந்திருந்தது. கடையில் சிடி இல்லாவிட்டாலும் இணையத்தில் காசு கொடுத்துப் பதிவிறக்கம் செய்தால் கணக்கில் சேரும். இந்த ஒரு விதிதான் எல்லாவற்றுக்கும் கதவு. அதற்கு முன்னால் பழைய பாட்டு ஒன்று மேலே வரவேண்டும் என்றால் கம்பெனி மனது வைத்து மறுபடி சிடி போட வேண்டும், விதி மாறிய பிறகு யாருடைய தயவும் வேண்டாம். ஒரு வாரம் முழுக்க வாங்கினார்கள். டிசம்பர் 20-ஆம் தேதி முடிவு வந்தபோது ரேஜ் பாட்டு 5,02,672 பிரதிகள், அந்த வருஷம் எக்ஸ் ஃபேக்டரில் ஜெயித்த ஜோ மெக்எல்டரியின் 'தி கிளைம்ப்' சுமார் 4,50,000. அந்தப் பையனின் சிடி கடையிலும் கிடைத்தது, ரேஜ் பாட்டுக்கு வெறும் பதிவிறக்கம் மட்டும்தான், அப்படியும் 50,000 வித்தியாசம். கூடவே வீடில்லாதவர்களுக்காக வேலை செய்யும் ஷெல்டர் அமைப்புக்கு வாங்குகிறவர்களிடமே நன்கொடை கேட்டு 70,000 பவுண்டுக்கு மேல் திரட்டிவிட்டார்கள். குழுவும் வாக்குக் கொடுத்தபடி 2010 ஜூனில் லண்டன் ஃபின்ஸ்பரி பார்க்கில் இலவசக் கச்சேரி வைத்தது.

இதற்கு இரண்டு மறுப்பு சொல்வார்கள். ஒன்று, இரண்டு பாட்டுமே கடைசியில் சோனி நிறுவனத்தின் கீழ்தான், பணம் அதே கல்லாவுக்குத்தான் போயிற்று என்பது. போகட்டும். சண்டை கல்லாவைப் பற்றியதாக இருந்தால் அது சரியான மறுப்பு. அந்த ஒரு வாரத்து இடத்தை யார் தீர்மானிப்பது என்பதுதான் சண்டை, அதைத் தீர்மானித்தது வாங்கினவர்கள்.

இரண்டாவது மறுப்புதான் எனக்கு உறைக்கிறது. ஜோ மெக்எல்டரிக்கு அப்போது 18 வயது. சௌத் ஷீல்ட்ஸ்காரப் பையன், நன்றாகப் பாடுகிறவன், வாரக்கணக்கில் ஓட்டு வாங்கி ஜெயித்து வந்தவன். துண்டைப் போட்டது அவன் இல்லை. அவனைக் கேலி செய்து எழுதியவர்களை என்னால் ஏற்க முடியாது. அடுத்த வாரமே அவன் பாட்டு முதலிடத்துக்கு வந்தது என்பதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

பாட்டுப் போட்டி என்றாலே மோசம் என்று சொல்ல எனக்கு வாய் வராது, அதற்கும் காரணம் இருக்கிறது. 2018-இல் சூப்பர் சிங்கரில் புதுக்கோட்டை மாவட்டத்து செந்தில் கணேஷ் ஜெயித்தார். மக்களிசை பாடுகிறவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையில் நிற்கிறவர். அந்தச் சமயத்தில் எங்கள் பக்கம் எல்லாரும் ஓட்டுப் போட்டார்கள், நாற்று பறிக்கிற இடத்தில் 'இந்த வாரம் போட்டாச்சா?' என்று கேட்டுக்கொண்டார்கள். டிவிக்காரர்கள் கூப்பிடாமலே கோயில் திருவிழாவில் பாடிக்கொண்டிருந்த பாட்டு, ஜனங்களின் ஓட்டால் எல்லா வீட்டு ஹாலுக்கும் வந்து சேர்ந்தது. ஓட்டு என்பது நல்ல ஆயுதம்தான். எங்கள் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி வேறொரு போட்டிக்குப் போனபோது பஸ் ஸ்டாப்பில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள், அவள் போட்டோ, எஸ்எம்எஸ் எண், கீழே ஊர் இளைஞர்கள் பெயர் வரிசையாக. அவளுக்குப் பின்னால் நிற்க அந்த ஃப்ளெக்ஸைத் தவிர வேறு யாரும் இல்லை என்று எங்களுக்கெல்லாம் தெரியும்.

சரி, இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள். என் அக்கா மகன் பாபநாசத்தில் இருக்கிறான், நம் தஞ்சாவூர்ப் பாபநாசம். ஒரு பெரிய நடிகரின் படப் பாட்டு வெளியான ராத்திரி நான் அங்கே இருந்தேன். இரண்டு போன், பழைய டேப்லெட் ஒன்று, மூன்றிலும் அதே பாட்டு ஓடுகிறது. ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டால் எண்ணிக்கையில் சேராதாம், நடுவில் வேறு இரண்டு மூன்று வீடியோ பார்க்க வேண்டுமாம், மியூட்டிலும் வைக்கக் கூடாதாம். அதனால் சத்தத்தை வைத்துவிட்டுப் போன்களைத் தலையணைக்கு அடியில் சொருகியிருந்தான். வாட்ஸப் குழுவில் யார் யார் எத்தனை மணிக்கு என்று ஷிஃப்ட் போட்ட பட்டியல் வேறு.

"பாட்டு எப்படிடா இருக்கு?" என்று கேட்டேன்.

"இன்னும் முழுசா கேட்கலை மாமா, அப்புறம் கேட்டுக்கலாம். மொதல்ல ரெக்கார்டு."

இருபத்துநாலு மணி நேரத்தில் இத்தனை கோடி வியூஸ் என்று மறுநாள் கம்பெனி போஸ்டர் விடும், அந்த எண்ணுக்காக விடிய விடிய விழித்திருக்கிறான். அவன் சோம்பேறி இல்லை, அறிவில்லாதவனும் இல்லை. அவன் குழு ஆட்களை ஒருங்கிணைக்கிற விதத்தைப் பார்த்தால் மோர்ட்டர் தம்பதிக்கே பாடம் எடுக்கலாம். ஆனால் அந்தப் பாட்டு இவன் தூங்கியிருந்தாலும் முதலிடத்துக்கு வந்திருக்கும். எல்லா ரேடியோவிலும் அதுதான், டீக்கடையில் அதுதான், கல்யாண மண்டபத்தில் அதுதான். ஏற்கெனவே துண்டு போட்ட சீட்டுக்கு இவன் எதற்குக் காவல்? இங்கிலாந்துக்காரர்கள் தள்ளுவாரில்லாத 17 வருஷப் பழைய பாட்டைத் தூக்கி நிறுத்த இதே உழைப்பைக் கொடுத்தார்கள். நம் பிள்ளைகள் கோடிக்கணக்கில் விளம்பரம் செய்த பாட்டுக்கு இலவசமாக உழைக்கிறார்கள். எனக்கு மனசு கொதிக்கிறது இங்கேதான்.

நேயர் விருப்பம் காலத்தில் இப்படி இல்லை. திருச்சி வானொலி, வேதாரண்யம் பக்கம் என்றால் இலங்கை வானொலி. அஞ்சலட்டையில் பாட்டின் முதல் அடி, படத்தின் பெயர், கீழே வீட்டில் இருக்கிற எல்லார் பெயரும், ஊர் பெயரும். அம்மாவின் பெயரும் சித்தப்பாவின் பெயரும் திருத்துறைப்பூண்டி என்ற ஊர்ப் பெயரோடு வாசிக்கப்பட்டதை அம்மா இன்றைக்கும் சொல்வார். அட்டை எழுதினவர்கள் அந்தப் பாட்டைக் கேட்டு, மனசில் ஓடவிட்டு, மறுபடி ஒருமுறை கேட்க ஆசைப்பட்டு எழுதினார்கள்.

2009-க்குப் பிறகு பிரிட்டனில் பலரும் அதே மாதிரி முயன்றார்கள். 2010-இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் நான்கு நிமிஷம் முப்பத்துமூன்று விநாடி மௌனத்தைப் பலர் சேர்ந்து பதிவு செய்து விற்றார்கள், 21-ஆம் இடம் கிடைத்தது, முதலிடம் அந்த வருஷம் மறுபடியும் எக்ஸ் ஃபேக்டரின் மேட் கார்டிலுக்கே போனது. போட்டியைத் தோற்கடிப்பதை மட்டும் குறிவைத்த பிரச்சாரங்கள் அவ்வளவாக எடுபடவில்லை. யாருக்காக என்று ஒரு முகம் இருந்தவை ஜெயித்தன. 2011-இல் ராணுவ வீரர்களின் மனைவிமார் சேர்ந்து பாடிய பாட்டு. 2012-இல் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் நெரிசலில் இறந்தவர்களின் குடும்பங்களுக்காகப் பலர் கூடிப் பாடியது. 2015-இல் லூயிஷம், கிரீனிச் அரசு மருத்துவமனை ஊழியர்களின் சேர்ந்திசை, அந்த வாரம் போட்டியில் இருந்த ஜஸ்டின் பீபரே தன் ரசிகர்களிடம் அவர்கள் பாட்டை வாங்கச் சொன்னார். அவருடைய ரசிகர் படை எவ்வளவு பெரிசு என்று உலகத்துக்கே தெரியும். அவ்வளவு பலத்தையும் ஒரு நர்ஸ், டாக்டர் கூட்டத்துக்குத் திருப்பிவிட்டார் பாருங்கள், இந்த மொத்தக் கதையிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். எக்ஸ் ஃபேக்டரில் ஜெயித்தவர் கிறிஸ்மஸ் முதலிடம் வாங்கியது 2014-ஓடு நின்றுபோனது.

நான் கிறிஸ்தவன் இல்லை, ஆனால் தஞ்சாவூரில் எங்கள் தெருவுக்கு டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் வருவார்கள். மழை தூறும், ஆர்மோனியத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு ஒருவர், கழுத்தில் டோலக் மாட்டிய பையன், பின்னால் கிறிஸ்மஸ் தாத்தா வேஷம். சினிமா மெட்டில் இரண்டு பாட்டுப் பாடிவிட்டுக் கடைசியில் பெரியவர்கள் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்றை எடுப்பார்கள். சாஸ்திரியார் சரபோஜி மன்னர் காலத்துத் தஞ்சாவூர்க்காரர், 1864-இல் இறந்தவர். டோலக் பையன் அந்தக் கீர்த்தனைக்குத் தாளம் தெரியாமல் முதலில் திணறி, பெரியவர் கையைப் பார்த்துப் பார்த்து இரண்டாவது சரணத்தில் பிடித்துவிடுவான். அந்தப் பாட்டுக்கு ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி, என் அக்கா மகனின் குழு ஷிஃப்ட் போட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

நினைத்ததோடு விடவில்லை, அவனிடமே கேட்டுவிட்டேன். முதலில் சிரித்தான். அப்புறம், "யாருக்குமே ரெக்கார்டு கிடையாது, அப்போ நம்ம வைக்கிறதுதான் ரெக்கார்டு, இல்ல மாமா?" என்றான். குழுவில் பேசியிருக்கிறான், பாதிப் பேர் சம்மதம், மீதிப் பேர் எந்தப் பாட்டு என்று சொன்னால் யோசிக்கிறோம் என்கிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன், தலையணை கூடாது, காதில் ஹெட்செட் போட்டு முழுசாகக் கேட்க வேண்டும். பட்டியலை நான் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். கீர்த்தனை ஒன்று கண்டிப்பாக உண்டு, திருவையாறு பக்கத்து நையாண்டி மேளக் குழு ஒன்று, நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம். முதல் வாரம் தோடிதான் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். நீளம் ஜாஸ்தி, பசங்க ஓடிடுவாங்க, மேளத்தில் ஆரம்பிக்கலாம் என்கிறான் அவன். இன்னும் முடிவாகவில்லை.