எச்சப் பலகை

செப்டம்பர் 29

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இப்போது ஆறு பெட்டை, ஒரு சேவல், செவலை பொரித்த ஒன்பது குஞ்சுகள். குஞ்சுகளுக்கு மூன்று வாரம் ஆகிறது. பெரிய கோழிகள் ராத்திரி அடையும் கழிக்குக் கீழே ஒரு பலகை போட்டிருக்கிறேன். தினமும் காலையில் அதைப் பார்த்து எழுதி வைக்கப் போகிறேன். போன வருஷம் ஒரு பெட்டை செத்த பிறகுதான், அது நாலு நாளாகப் பச்சையாகக் கழிந்துகொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. தினமும் கண்ணில் பட்டதுதான், நின்று பார்க்கவில்லை. அது இன்னும் மனதை அறுக்கிறது.

நல்ல எச்சம் எப்படி இருக்கும் என்பதை முதலில் குறித்துக்கொள்கிறேன். பழுப்பாகவோ சாம்பலாகவோ கொஞ்சம் கெட்டியாக, மேலே சுண்ணாம்பு வைத்த மாதிரி வெள்ளை. கோழி நம்மைப் போலத் தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை. சிறுநீரகம் வெளியேற்றும் யூரிக் அமிலம்தான் அந்த வெள்ளை.

இன்றைக்கே ஒரு பயம். கருப்பி உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கீழே பிசுபிசுவென்று, வெல்லப்பாகு நிறத்தில், வெள்ளையே இல்லாமல் ஒரு எச்சம். நாற்றம் தாங்கவில்லை. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். பொன்னேரியில் கோழிகளோடு வளர்ந்தவர். "இதுக்கா பயந்த? எட்டு பத்து தபாவுக்கு ஒரு தபா இப்பிடித்தாம்மா போடும்" என்றார். அப்புறம் படித்துப் பார்த்தேன், அத்தை சொன்னதுதான் சரி. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் கோழிக்கு ஒரு முனை மூடிய இரண்டு பைகள் உண்டு, குருட்டுக்குடல் என்கிறார்கள். அங்கே தங்கிப் புளித்தது தனியாக வெளியே வருகிறது. அது தினமும் வந்தால்தான் குடல் சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அக்டோபர் 2

எல்லாக் கோழியும் தண்ணீராகக் கழிந்திருக்கின்றன. பலகையில் ஈர வட்டங்கள், நடுவில் துளி எச்சம். ஒரு கோழி மட்டும் என்றால் அந்தக் கோழியைப் பார்க்கலாம். ஏழும் ஒரே ராத்திரியில் என்றால் முதலில் தீனியைத்தான் பார்க்க வேண்டும். நேற்று சின்ன அத்தை காசிமேட்டிலிருந்து கொண்டுவந்த கருவாட்டில் தலையும் வாலும் மிஞ்சின. இடித்துத் தவிட்டில் கலந்து போட்டோம். உப்பு! அவ்வளவு உப்புக்குத் தண்ணீர் குடிக்காமல் என்ன செய்யும்? குடித்தது அப்படியே கீழே வந்திருக்கிறது. வெயிலும் சேர்ந்துகொண்டது, மத்தியானம் வாயைத் திறந்து மூச்சு வாங்கின.

இந்தப் பக்கத்தில் கருவாட்டுத் தலையைக் கோழிக்குப் போடாத வீடு குறைவு. அளவு மிஞ்சினால் உப்பே விஷமாகிவிடும். இனிமேல் உப்புப் போடாமல் வேகவைத்த மீன் கழிவு மட்டும்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 4

கெட்டியாகிவிட்டது.

அக்டோபர் 7

புள்ளி அடைக்கு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு நாளைக்கு ஒருமுறையோ இரண்டு முறையோதான் எழுந்து வருகிறாள். அப்போது போடுவது வழக்கத்தைவிட நாலு மடங்கு பெரிது, பொறுக்க முடியாத நாற்றம். முட்டைமேல் அசுத்தம் படக் கூடாது என்று அத்தனை நேரம் அடக்கி வைத்திருக்கிறாள், பாவம். நோயில்லை.

அக்டோபர் 13

மூன்று நாளாக மழை. கொல்லையில் கணுக்கால் தண்ணீர். குஞ்சுகள் அடையும் பெட்டிக்குள் சாரல் அடித்து உமி நமத்துப்போய்விட்டது. பழையதை அள்ளாமல் மேலேயே புது உமியைப் பரப்பிவிட்டேன்.

அக்டோபர் 17

காலையில் குஞ்சுப் பெட்டியில் சிவப்பாக ஒரு எச்சம். சில நேரம் குடலின் உள்தோல் உரிந்து ஆரஞ்சு நிறத்தில் வரும், அது சாதாரணம் என்று படித்திருக்கிறேன். நேற்று பீட்ரூட் தோலும் போட்டிருந்தேன். நோட்டில் "பீட்ரூட்" என்று எழுதிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் ஒரு குஞ்சு மூலையில் உடம்பை உப்பி, இறக்கையைத் தொங்கவிட்டுக் கண்ணை மூடி நிற்கிறது. குருணை போட்டும் வரவில்லை. அப்போதுதான் உறைத்தது. பீட்ரூட் தோலைப் பெரிய கோழிகளுக்குத்தான் போட்டேன். குஞ்சுகள் அந்த நேரம் பஞ்சாரத்துக்குள் இருந்தன.

அக்டோபர் 18

விடிந்ததும் புது எச்சமாக நாலைந்து இடத்தில் எடுத்து மூடி போட்ட டப்பாவில் வைத்துக்கொண்டு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனேன். 1903இல் தொடங்கிய கல்லூரி, வடசென்னைக்காரர்களுக்கு ஆடு மாடு நாய் கோழி எல்லாவற்றுக்கும் அதுதான் பெரியாஸ்பத்திரி. நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு ரத்தக் கழிச்சல் என்றார் டாக்டர். ஐமீரியா என்ற ஒட்டுண்ணி குடல் சுவரில் புகுந்து பெருகி அதைக் கிழித்துவிடுகிறது. மூன்றிலிருந்து ஆறு வாரக் குஞ்சுகளைத்தான் அதிகம் பிடிக்கும்.

தண்ணீரில் கலக்க ஆம்ப்ரோலியம் எழுதிக் கொடுத்தார். ஐந்து நாள் முழு அளவு, பிறகு ஒரு வாரம் பாதி அளவு. வேறு தண்ணீர் வைக்கவே கூடாது. "டானிக் ஏதாவது கொடுக்கறீங்களா?" என்று கேட்டார். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த பி காம்ப்ளெக்ஸைக் காலையில்தான் கலந்து வைத்திருந்தேன். இந்த மருந்து பி1 வைட்டமின் போலவே இருந்து ஒட்டுண்ணியை ஏமாற்றுகிறது, நாமே நிஜமான பி1 கொடுத்தால் மருந்து வேலை செய்யாது என்றார். வீட்டுக்கு வந்ததும் அதைக் கொட்டினேன்.

தெருவில் விஷயம் தெரிந்ததும், "கழிச்சலா? பூண்டும் மஞ்சளும் அரைச்சு குடு, இல்லைன்னா அறுத்துடு" என்றார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதுதான் எனக்கு வருத்தம். வெள்ளைக் கழிச்சல் வேறு. அது ராணிக்கேத் வைரஸ், எச்சம் வெள்ளையும் பச்சையுமாகப் போகும், மூச்சு இழுக்கும், கழுத்து திருகும், பெரிய கோழியும் சாகும். அதற்கு மருந்தே கிடையாது, முன்னாலேயே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். ரத்தக் கழிச்சலுக்கு மருந்து இருக்கிறது. நேரத்தோடு கொடுத்தால் பிழைக்கிற குஞ்சையும் இதுவும் அதுதான் என்று கைவிட்டுவிடுகிறோம்.

அக்டோபர் 19

இரண்டு குஞ்சுகள் செத்துக் கிடந்தன. மூலையில் நின்றதும், இன்னொன்றும். ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன். நேற்று முன்தினம் காலையிலேயே போயிருந்தால் ஒன்றாவது இருந்திருக்கும்.

பெட்டியிலிருந்த உமி முழுவதையும் சுரண்டி எடுத்தேன். அடியில் கை வைத்தால் கதகதவென்று ஈரம். எச்சத்தில் வெளிவரும் ஒட்டுண்ணி முட்டை அந்தச் சூட்டிலும் ஈரத்திலும் ஒன்றிரண்டு நாளில் முற்றி, அடுத்த குஞ்சு கொத்தக் காத்திருக்கும். ப்ளீச்சிங் பவுடர் அதை ஒன்றும் செய்யாது. சுரண்டி, கொதிநீர் ஊற்றி, காயவைப்பதுதான் வழி. மழை விட்ட இரண்டு மணி நேரத்தில் பெட்டியை மொட்டைமாடியில் வெயிலில் வைத்தேன். தண்ணீர்ச் சட்டியை இரண்டு செங்கல்மேல் ஏற்றிவிட்டேன், எச்சம் விழக் கூடாது.

அக்டோபர் 23

இரண்டு நாளாக ரத்தம் இல்லை. இன்றிலிருந்து பாதி அளவு. ராத்திரி ஒவ்வொரு குஞ்சாகத் தூக்கி மார்புக்கு மேலே தீனிப்பையைத் தொட்டுப் பார்க்கிறேன். ஏழுக்கும் நிறைந்திருக்கிறது. காலையில் காலியாக இருந்தால் ஜீரணம் நடக்கிறது.

அக்டோபர் 29

குஞ்சுப் பெட்டியில் எல்லாம் பழுப்பு, மேலே வெள்ளை. ஒன்று மட்டும் வெல்லப்பாகு. அத்தையே குனிந்து பார்த்துவிட்டு, "எழுதிக்கோம்மா" என்றார். மறுபடி தூறல் போடுகிறது. உமி இரண்டு மூட்டை வாங்கி மாடிப்படிக்குக் கீழே, நனையாத இடத்தில் வைத்திருக்கிறேன். நாளைக்குக் காலையில் பழையதை அள்ள வேண்டும்.